ஜாடிக்குள் நிற்கிறவள்

போட்டோ பிடிக்கிற தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்: எதிரில் உட்கார்ந்தவர் கண்ணை மூடினால் நம் தப்பு, கறுப்பாக இருந்தால் நம் தப்பு, வயதாகியிருந்தால் அதுவும் நம் தப்பு.

ஆரணியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின் தெருவில் எங்கள் ஸ்டுடியோ. எழுபதுகளின் நடுவில் ஒரு கல்யாணத்தில் மேசைமேல் ஏறி நின்று குரூப் போட்டோ எடுத்த என் வீட்டுக்காரர், மேசையோடு சேர்ந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவருக்கு நாற்காலி, எனக்குக் கேமரா. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ரோல் மாட்டுவதையும் கழுவுவதையும் பிரிண்ட் போடுவதையும் அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து சத்தம் போட்டுச் சொல்ல, நான் நின்ற இடத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டே கற்றுக்கொண்டேன். மனிதர்களைப் படம் பிடித்து நொந்தவர்கள் இதைப் படித்தால் தலையாட்டுவீர்கள். ஜாடியைப் படம் பிடித்தவர்கள் யாராவது இருந்தால், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழ எனக்கு ஆசை.

ஆடாது, அசையாது

முள்ளிப்பட்டுக்குப் போகிற சாலையில் முனுசாமி சொந்தமாக ஒரு சூளை வைத்திருந்தார். வேலூர்ப் பக்கம் போய்த் தொழில் கற்று வந்தவர். சாதாரண மண்சட்டி இல்லை. கையால் வனைந்து, ஒரு தரம் சுட்டு, மேலே பூச்சு கொடுத்து, திரும்பவும் சூளையில் வைத்து எடுத்தால் கண்ணாடி மாதிரி மின்னும். அந்தப் பூச்சை அவர் ‘கிளேஸ்’ என்பார். பச்சை, பழுப்பு, மயில் நீலம். மெட்ராஸில் கைவேலைப் பொருள் விற்கிற ஒரு கடைக்கு மூன்று ஜாடிகளை மாதிரிக்கு எடுத்துக்கொண்டு போனார். போய்ச் சேர்ந்தது முனுசாமியும் ஒரு பை உடைந்த ஓடும்தான். கடை மேனேஜர் பார்த்துப் பரிதாபப்பட்டு, “பொருள் வேண்டாம், பன்னிரண்டு தினுசுக்கும் போட்டோ அனுப்புங்கள். பொங்கலுக்குள் வரவேண்டும். பிடித்தால் சூளைக்குச் சூளை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்” என்று சொல்லி அனுப்பினாராம்.

பிடிக்காவிட்டால்? அதற்கும் முனுசாமியிடம் பதில் இருந்தது. சட்டைப் பாக்கெட்டிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்துக் காட்டினார். செய்யாறு கம்பெனி வேலைக்கு விண்ணப்பம். மச்சான் வாங்கிக் கொடுத்ததாம். ஷிப்டு வேலை, கம்பெனி பஸ், எல்லாம் உண்டு. “இத்தப் பூர்த்தி பண்ணிட்டா சூளைய இடிச்சிட வேண்டியதுதான் அக்கா” என்றார். எனக்கு யாராவது அப்படி முகத்தை வைத்துக்கொண்டால் நாக்கு நிற்காது. “ஜாடிதானேப்பா! ஆடாது, அசையாது, கண்ணை மூடாது. ஒரே ரோல்ல முடிச்சிடலாம்” என்று சொல்லிவிட்டேன். அவர் தெரு திரும்பும்வரை காத்திருந்து என் வீட்டுக்காரர் சொன்னார்: “எண்ணெய் வழியிற மூஞ்சியே உனக்கு இன்னும் சரியா வரல. அவரு மூஞ்சி பூரா எண்ணெயா பன்னெண்டு கொண்டாந்து வெக்கப் போறாரு.”

திரைக்கு முன்னால்

வைக்கோல் பரப்பிய கூடையில், சைக்கிளில், இரண்டிரண்டாகப் பன்னிரண்டும் வந்து சேர்ந்தன. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு திரை. அரண்மனைப் படிக்கட்டு, குளம், குளத்தில் வாத்து. ஆரணியில் ஒரு வயது முடிந்த அத்தனை குழந்தைகளும் அந்த வாத்துக்கு முன்னால்தான் அழுதிருக்கின்றன. முதல் ஜாடியை வெல்வெட் ஸ்டூலில் ஏற்றி, பின்னால் படிக்கட்டு வரும்படி வைத்தேன். முழங்கால் உயரப் பழுப்பு ஊறுகாய் ஜாடி. லேசாக இடது பக்கம் திருப்பினேன். பழக்கதோஷம். எல்லோரையும் அப்படித்தான் திருப்புவேன்.

தெள்ளாரிலிருந்து ஓர் அம்மா, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப மகளைப் படம் பிடிக்கக் கூட்டிவந்து, ஒரு மணி நேரமாகப் பெஞ்சில் காத்திருந்தார். நான் ஜாடியின் மூடியைச் சரி செய்வதையும், எட்டி நின்று பார்ப்பதையும், திரும்பவும் வந்து துடைப்பதையும் பார்த்துக்கொண்டே இருந்தவர் கடைசியில் பொறுக்காமல் கேட்டார்: “இதுக்கும் மாப்பிள்ளை பார்க்கிறீங்களா? ஒடம்பு கொஞ்சம் பெருத்த வாகு. அசலூரு தேடாதீங்க, உள்ளூருலயே தள்ளிவுட்டுடுங்க.”

உள்ளே யார்?

எங்கள் கேமரா, மேல்மூடியைத் திறந்து தலையைக் குனிந்து பார்க்கிற பெட்டிக் கேமரா. ஸ்டாண்டில் வைத்தால் வயிற்று உயரத்துக்கு நிற்கும். பக்கத்தில் பெரிய பல்பு. எடுக்கும்போது நான் ஜாடியைத்தான் பார்த்தேன். கழுவி, பிரிண்ட் போட்டு, ஈரத்தோடு கயிற்றில் தொங்கவிட்ட பிறகுதான் மற்றதையெல்லாம் பார்த்தேன். ஒவ்வொரு ஜாடியின் வயிற்றிலும் விரல்கடை உயரத்தில் ஒரு பெண்பிள்ளை நின்றாள். தலை குனிந்திருந்தாள். வயிற்றோடு ஒரு பெட்டியை அணைத்திருந்தாள். பக்கத்தில் ஒரு நெருப்பு. கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலம் மாறி, முந்தானை வலது தோளில் கிடந்தது. உப்பு ஜாடியில் அவள், தயிர்ப் பாத்திரத்தில் அவள், பூச்சாடியில் நீளமாக இழுத்துவிட்ட மாதிரி அவள், டீ கப்பில் கூட அவள்.

எதிரில் நிற்கிறவளைக் காட்டிக்கொடுக்கிற முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. மனிதர்கள் அந்த விஷயத்தில் எவ்வளவோ மேல். நம்மைப் பார்த்து முறைப்பார்கள், ஆனால் நம்மைப் படத்துக்குள் இழுத்துவிட மாட்டார்கள். முனுசாமி ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்து, ரொம்ப நேரம் பார்த்தார். மரியாதைக்காரர், திட்டத் தெரியாது. “படம் நல்லாத்தான் இருக்குதுக்கா. உங்கள நல்லா எடுத்துகினு இருக்கீங்க. ஜாடிதான் கொஞ்சம் குறுக்க வந்துடுச்சு.”

பவுடர்

அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. காலையில் ஒரு யோசனை வந்தது. எண்ணெய் மூஞ்சிக்கு என்ன செய்வோம்? பவுடர் போடுவோம். ஸ்டுடியோவில் சீப்பு, கண்ணாடி, பவுடர் டப்பா மூன்றும் எப்போதும் தயாராக இருக்கும். பஞ்சை எடுத்துப் பன்னிரண்டு ஜாடிகளுக்கும் அழுந்தப் பவுடர் போட்டேன். பெண்பிள்ளை மறைந்துவிட்டாள். பல்பு மறைந்துவிட்டது. எனக்குக் கை கால் நிற்கவில்லை. அடுத்த ரோலையும் முழுசாக எடுத்து முடித்தேன்.

பிரிண்டைப் பார்த்தால், விபூதி பூசிய பன்னிரண்டு சாமியார்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மினுமினுப்பு என்று ஒரு பொட்டு இல்லை. பச்சையும் இல்லை, பழுப்பும் இல்லை. கழுத்து மடிப்பில் பவுடர் திட்டுத் திட்டாக வேறு. முனுசாமி ஒரு ஜாடியை எடுத்துத் துண்டால் துடைத்தார். அவர் துடைத்த இடத்தில் அது மறுபடி பளிச்சென்று என் முகத்தைக் காட்டியது. துடைத்துக்கொண்டே சொன்னார்: “ரெண்டு தரம் நெருப்புல வெச்சி அந்தப் பளபளப்ப வரவெச்சேன். நீங்க ஒரு டப்பா பவுடர்ல அத்தத் திரும்ப மண்ணாக்கிட்டீங்களேக்கா.”

தெருவோடு

பல்புதான் சனியன், பகல் வெளிச்சத்தில் எடு என்றார் என் வீட்டுக்காரர். சரியென்று விடியற்காலையில் ஸ்டூலையும் ஜாடியையும் தெருவுக்குக் கொண்டுபோனேன். எங்கள் தெருவில் அந்த நேரத்தில்தான் பாவு நீட்டுவார்கள். பட்டு இழைகளைத் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் ஆள் நின்று சிக்கெடுப்பார்கள். அவசரத்தில் எனக்கு அது நினைவே வரவில்லை. ஸ்டூலை வைத்து, கேமராவுக்குள் குனிந்து பார்த்தால், ஜாடிக்குள் எங்கள் தெரு முழுக்கக் குடியேறியிருந்தது. வாழைப்பூக் கலரில் பாவு, பாவுக்கு இரண்டு பக்கமும் ஆட்கள், மேலே கம்பியில் காக்காய், கீழே பால்காரர் சைக்கிள், நடுவில் நான்.

நகர்த்தினேன். நகர்த்திய பக்கமெல்லாம் தெருவும் கூடவே வந்தது. அதற்குள் செய்தி பரவி, ‘ஜாடியில் எல்லாரும் தெரியறோமாம்’ என்று சிக்கெடுத்தவர்கள் பாவை விட்டுவிட்டுச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தர் தலைமயிரை வாரிக்கொண்டார். ஒருத்தர் துண்டைத் தோளில் ஒழுங்காகப் போட்டுக்கொண்டார். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். கூட்டத்தில் ஒருத்தர், என்னிடம் போட்டோவுக்கு வந்தவர் மாதிரியே குறைப்பட்டுக்கொண்டார்: “யம்மா, எல்லாரும் சரியா கீறாங்க, நான் மட்டும் குள்ளமா கீறேன். இன்னொன்னு எடும்மா.”

வீட்டுக்காரர் கைவேலை

முதல் ரோலின் நெகட்டிவைக் கொடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று என் வீட்டுக்காரர் பொறுப்பை எடுத்துக்கொண்டார். நெகட்டிவில் டச்சிங் செய்வதில் அவரை மிஞ்ச ஆரணியில் ஆள் கிடையாது. பிளேடு முனையால் சுரண்டினால் மூக்கின் எண்ணெய்ப் பளபளப்பு போய்விடும். பென்சிலால் தடவினால் அம்மைத் தழும்பு போய்விடும். எத்தனையோ பேருக்குக் கல்யாணம் நடந்ததே அவர் பென்சிலால்தான். பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு நாள் நாற்காலியை விட்டு அசையவில்லை. “இப்பப் பாரு” என்று நாலு நெகட்டிவை நீட்டினார். பிரிண்ட் போட்டேன்.

பளபளப்பு அளவாக இருந்தது. பெண்பிள்ளையும் இல்லை. ஆனால் மனுஷர் அதோடு நிறுத்தவில்லை. வனையும்போது முனுசாமியின் விரல் பதிந்த வளையங்களைக் கழுத்துச் சுருக்கம் என்று நினைத்து நிரவிவிட்டார். பூச்சு வழிந்து உறைந்த துளிகளைப் பரு என்று எடுத்துவிட்டார். ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்த வாயை நேராக்கிவிட்டார். கண்ணாடி பீரோவில் அடுக்கிய கம்பெனிச் சாமான் மாதிரி நாலும் நின்றன. முனுசாமி படத்தையும் தன் வலது கையையும் மாறி மாறிப் பார்த்தார். “சார், எல்லாம் சரிதான் சார். என் வெரலு எங்க போச்சு?”

கிளிப்பச்சை

இதற்கு நடுவில் இன்னொரு பேஜார். கறுப்பு வெள்ளையில் பச்சை ஜாடியும் பழுப்பு ஜாடியும் ஒரே சாம்பலாக விழுந்தன. எது எது என்று எங்களுக்கே குழம்பியது. கலர் ரோல் போட்டால் மெட்ராஸுக்கு அனுப்பித்தான் கழுவ வேண்டும், வந்து சேரப் பொங்கல் தாண்டிவிடும். அதனால் பிரிண்டுக்குக் கையால் கலர் போடுவது என்று முடிவாயிற்று. அது என் வேலை. கல்யாணப் பெண்களின் கன்னத்துக்கும் உதட்டுக்கும் புடவைக்கும் நான் போடாத கலரா?

அங்கேதான் மோசம் போனேன். எங்கள் கலர் டப்பா ஆரணிக்காக வாங்கியது. அதில் இருந்தது கிளிப்பச்சை, ராமர் நீலம், அரக்கு, மாம்பழ மஞ்சள். முனுசாமியின் பச்சையோ குளத்து அடிப் பச்சை. பாசியா, தண்ணீரா என்று சொல்ல முடியாது. எத்தனை தண்ணீர் கலந்தும் என் கிளி பறக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தனபாக்கியம் எட்டிப் பார்த்தாள். வீட்டிலேயே தறி வைத்திருக்கிறவள், சின்ன வயதிலிருந்து என் சிநேகிதி. நான் கலர் போட்ட ஜாடியைக் கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இந்தப் பச்சையில பாவு போட்டு, மாம்பழக் கலர்ல கரை வெச்சா நானே ஒண்ணு கட்டிக்குவேன் சரோஜா. ஜாடின்னு மட்டும் வெளிய சொல்லாத.”

மாப்பிள்ளை வேட்டி

கடைசியில் வழி காட்டியதும் தனபாக்கியம் வீடுதான், அவளுக்கே தெரியாமல். சர்க்கரை கடன் கேட்கப் போனேன். கொடியில் தறியிலிருந்து இறக்கிய வெள்ளைப் பட்டு வேட்டி தொங்கியது. அதன் கீழே முனுசாமியிடம் வாங்கிய உப்பு ஜாடி. அந்த ஜாடியில் வீடு தெரியவில்லை, ஜன்னல் தெரியவில்லை, நான் தெரியவில்லை. பால் ஊற்றிய மாதிரி வெள்ளை வெளிச்சம் மட்டும் ஒரு பக்கமாக வழிந்தது. பச்சை பச்சையாக இருந்தது. விரல் வளையம் ஒவ்வொன்றும் எண்ணிவிடலாம் போல இருந்தது. சர்க்கரையை மறந்துவிட்டு வேட்டியைக் கெஞ்சி வாங்கினேன். அது வந்தவாசிப் பக்கத்து மாப்பிள்ளை ஒருவரின் முகூர்த்த வேட்டி. வாரம் திரும்பினால் கல்யாணம். “ஒரு சொட்டுக் கறை பட்டாலும் நான் தூக்குல தொங்கணும்” என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

நாலு குச்சி நட்டு, வேட்டியால் கூடாரம் கட்டி, ஜாடியை உள்ளே உட்காரவைத்தேன். பல்பு வெளியில். நான் எட்டிப் பார்க்க மட்டும் ஒரு சின்ன இடுக்கு. பதினொரு ஜாடி முடிந்தது. இடுக்கு மட்டும் ஒவ்வொரு ஜாடியிலும் கறுப்புக் கீற்றாக விழுந்திருந்தது. அதற்கு முனுசாமி, “திருஷ்டிப் பொட்டு வெச்ச மாதிரி கீது, இருக்கட்டும் அக்கா” என்று மனதைத் தேற்றிக்கொண்டார். பன்னிரண்டாவது அந்த முழங்கால் உயர ஊறுகாய் ஜாடி. அது உள்ளே போகவேண்டும் என்று கூடாரத்தைத் தூக்கிக் கட்டினேன். தூக்கியது பல்புப் பக்கம் சாய்ந்துவிட்டது போல. முடி கருகுகிற வாசனை வந்தது. கரைக்குப் பக்கத்தில் கட்டைவிரல் அளவுக்குப் பழுப்பு வட்டம்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தனபாக்கியம் வந்து வேட்டியை விரித்து, மடித்து, தன் இடுப்பில் வைத்துப் பார்த்து, எந்த மடிப்பு எங்கே போகும் என்று கணக்குப் போட்டாள். என்னை அடிக்காமல் விட்டதே பெரிது. “உள் மடிப்புல போயிடும், மாப்பிள்ளைக்கே தெரியாது, எழுந்திரு. ஆனா இனிமே உன் ஜாடிக்கு வேட்டி கட்டணும்னா உன் வீட்டுக்காரரத அவுத்துக் கட்டு.”

பன்னிரண்டாவது

கையில் பதினொரு படம்; எது எந்தக் கலர் என்று பின்னால் எழுதிவிட்டோம். மேனேஜர் கேட்டது பன்னிரண்டு. ஊறுகாய் ஜாடிக்கு, பவுடர் பூசியதை விட்டால், இருந்தது முதல் ரோலில் எடுத்த படம் ஒன்றுதான், என்னையும் உள்ளே வைத்துக்கொண்டு. நாள் இல்லை. அன்று மாலையே தபாலில் சேர்க்க முனுசாமி வாசலில் நின்றார். அவர் பாக்கெட்டில் அந்த மடித்த தாள் மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. “நெகட்டிவுல என்னைச் சுரண்டி எடுத்துடுங்க, ஜல்தி” என்று என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன்.

அவர் கேமரா ஸ்டாண்டின் மூன்று கால்களையும் சுரண்டினார். ஜன்னலைச் சுரண்டினார். பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த தெள்ளார் அம்மாவைச் சுரண்டினார். என்னிடம் வந்ததும் பிளேடைக் கீழே வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தார். கலைந்த தலைமயிரைச் சீராக்கினார். முந்தானைக்கு ஓரம் தீட்டினார். கல்யாணப் பெண்களுக்குச் செய்கிற அத்தனையும் செய்தார். “எடுங்கன்னா அழகு பண்ணிகினு உக்காந்துகிறீங்களே!” என்று கத்தினேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. முப்பது வருஷத்தில் அவர் என்னிடம் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான் என்பதால் அப்படியே எழுதுகிறேன்: “உன் மூஞ்சியில பிளேடு வெக்க எனக்குக் கை வரல. போ, போயி உறைய ஒட்டு.”

முப்பது

பொங்கல் வந்தது, போனது. நான் தபால்காரரைப் பார்க்கும்போதெல்லாம் தெருவுக்கு ஓடினேன். கடைசியில் முனுசாமி கடிதத்தோடு ஓடிவந்தார். தமிழில் டைப் அடித்திருந்தது. பதினொரு ஜாடிகளைப் பற்றி ஒரே வரி: இவை போன்றவை எங்களிடம் ஏற்கெனவே உள்ளன. வேட்டி, பவுடர், டச்சிங், தெரு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வரி.

அடுத்த பத்தியை என் வீட்டுக்காரர் சத்தமாகப் படித்தார். பன்னிரண்டாவது ஜாடியின் மேல், தலைகுனிந்து கையில் விளக்கேந்தி நிற்கும் பாவையின் சித்திரம் மிகவும் நேர்த்தியாக இருக்கிறதாம். இதுவரை வேறெங்கும் கண்டதில்லையாம். அந்தச் சித்திரம் போட்ட ஜாடிகள் முதலில் முப்பது வேண்டுமாம். விற்றால் தொடர்ந்து எடுத்துக்கொள்வார்களாம். வரைந்த ஜாடி ஒன்றின் போட்டோவை முன்கூட்டி அனுப்பவேண்டுமாம். விளக்காவது, பாவையாவது! அது பல்பு. அவள் நான். முனுசாமி மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தார். “அக்கா, உங்கள முப்பது கேட்டுக்கீறாங்க.”

கட்டம்

உண்மையை எழுதிவிடலாம் என்றேன். எழுதினால் சூளை போய்விடும் என்றார் முனுசாமி. வரைந்துவிட்டால் சித்திரம் உண்மையாகிவிடும், அப்புறம் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்றார் என் வீட்டுக்காரர். வரைய யார் இருக்கிறார்கள்? தனபாக்கியத்தின் கணவர் பட்டுக்கரைக்கு டிசைன் போடுகிறவர். அன்னம், மயில், யானை எதுவானாலும் கட்டம் போட்ட தாளில் கட்டம் கட்டமாக அடைத்துக் கொடுப்பார். தாள் கேட்டார். முனுசாமி பாக்கெட்டில் கைவிட்டு, செய்யாறு விண்ணப்பத்தை எடுத்து, பின்பக்கம் திருப்பிக் கொடுத்தார். எனக்கு ‘வேண்டாம்பா’ என்று வாய்வரை வந்தது. அதற்குள் டிசைன்காரர் ஸ்கேலை வைத்துக் கோடு இழுத்துவிட்டார்.

நான் கேமராவுக்குள் குனிந்து அரை நாள் நின்றேன். கழுத்து பிடித்துக்கொண்டது. முடிந்ததும் பார்த்தேன். கட்டத்துக்குள் அடைத்ததால் என் மூக்கு படிக்கட்டு மாதிரி இறங்கியது. முந்தானை, போட்டோவில் இருந்தபடியே, வலது தோளில். அதுகூடப் பரவாயில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு எதிரில் இன்னொருத்தியும் அதே படிக்கட்டு மூக்கோடு நின்றாள். ஒருத்தி போதும் என்று கெஞ்சினேன். அவர் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டார். “கரையில அன்னம் எப்பவும் ஜோடியாத்தான் வரும். ஒத்தையா வுட்டா வாங்குறவங்க கொற சொல்லுவாங்கம்மா.”

எது நான்?

சண்டை போட்டு ஒருத்தியை அடித்துவிட்டேன். மிச்சமிருந்தவளை முனுசாமி பூச்சுக்கு அடியில் கறுப்பில் வரைந்து சூளையில் வைத்தார். அவர் கைக்கு வந்தபோது படிக்கட்டு மூக்கு கொஞ்சம் மழுங்கி, உதடு மட்டும் எப்படியோ கீழே இறங்கிவிட்டது. முதல் ஆறு ஜாடிகளில் இரண்டில் அவள் வழிந்து உருத்தெரியாமல் போனாள். நாலில் நின்றாள். அந்த நாலையும் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. கண்ணாடியில்கூட நான் அவ்வளவு கவலையாக இருந்து பார்த்ததில்லை. “நான் ஒண்ணும் பண்ணலக்கா, அதுவா அப்படி வந்துகினு கீது” என்றார் முனுசாமி.

இனி ஒரே ஒரு போட்டோ. பட்டு வேட்டி கிடையாது. தனபாக்கியம் சொன்னபடியே என் வீட்டுக்காரரின் நூல் வேட்டியைக் கூடாரம் கட்டினேன். அது தடித்த துணி, வெளிச்சத்தை விடவில்லை. அதன் சலவைக் குறி மட்டும் ஜாடியின் நெற்றியில் பொட்டு மாதிரி விழுந்தது. இடுக்கை அகலமாக்கினேன். இன்னும் அகலமாக்கினேன். மூன்று நாள், மூன்று ரோல். கடைசிப் பிரிண்டைக் கயிற்றிலிருந்து எடுத்து நாற்காலியில் இருந்தவரிடம் கொடுத்தேன். ஜாடியின் வயிற்றில் வரைந்தவள் தலைகுனிந்து நின்றாள். அவளுக்குப் பக்கத்தில், அதே உயரத்தில், அதே விளக்கோடு, அதே பக்கம் முந்தானையோடு, பளபளப்புக்குள் இன்னொருத்தி நின்றாள். கரைக்கு ஜோடி சேர்ந்துவிட்டது. “இந்தத் தடவையாவது பிளேடு வெச்சிடுங்க, கை நடுங்காம” என்றேன். அவர் பூதக்கண்ணாடியை மாட்டி, நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்து, ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “வெக்கிறேன். இதுல நீ எது சரோஜா?”

முப்பதும் விற்றன, சூளை இன்னும் எரிகிறது, முனுசாமி கம்பெனி பஸ் ஏறவில்லை, மெட்ராஸில் முகம் தெரியாதவர்கள் வீட்டில் நார்த்தங்காய்க்கும் எலுமிச்சங்காய்க்கும் காவலாக நான் வருஷக்கணக்காகத் தலைகுனிந்து நிற்கிறேன். நான் இல்லாத ஒரு ஜாடியை மட்டும் இன்றுவரை என்னால் படம் பிடிக்க முடியவில்லை.